மேலே ஏற ஒரு படி கீழே

2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷ் மென்பொருளைக் கைகழுவியது அடோபி நிறுவனம். இணைய விளையாட்டுகள், அசையும் விளம்பரங்கள், வீடியோக்கள் என்று பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பலவும் அதை நம்பித்தான் ஓடின. அதில் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கென்றே வேலைகள் இருந்தன. அதே ஆண்டின் முதல் நாளில் பைத்தான் 2-க்கான ஆதரவும் முடிவுக்கு வந்தது. கூகுள் 2010-இல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ், 2016-இல் அடியோடு மாற்றி எழுதப்பட்டது. பழையதில் கட்டிய செயலிகளின் பெரும்பகுதியைத் திரும்பவும் எழுத வேண்டிவந்தது. ஒருமுறை கற்றுக்கொண்ட கருவி வேலைக்காலம் முழுவதும் கைகொடுக்கும் என்ற நம்பிக்கைக்கு மென்பொருள் துறையில் இடமில்லை. அதனால்தான் கல்லூரி வகுப்பறை முதல் நிறுவனத்தின் அப்ரைசல் மீட்டிங் வரை ஒரே அறிவுரை கேட்கிறது: படித்துக்கொண்டே இரு, இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவாய். அறிவுரை சரிதான். ஆனால் எதைப் படிப்பது என்று அது சொல்வதில்லை. அதனால் ஆண்டுக்கு ஒரு ஃபிரேம்வொர்க், ஆறு மாதத்துக்கு ஒரு சான்றிதழ் என்று ஓடிக் களைத்தவர்கள், ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகும் தொடங்கிய இடத்திலேயே நிற்பதாக உணர்கிறார்கள்.

ஃபிளாஷ் மறைந்த அதே காலத்தில் மறையாமல் இருந்தவற்றையும் பார்க்க வேண்டும். தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து, அவற்றுக்கிடையே உள்ள உறவுகளைக் கணிதமாக வகுக்கலாம் என்று ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் எழுதினார். அந்தக் கருத்தின் மேல் எழுந்த எஸ்க்யூஎல் மொழியில்தான் இன்றும் வங்கிக் கணக்கு முதல் ஆன்லைன் கடை வரை தகவல்கள் கேட்டு வாங்கப்படுகின்றன. 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸின் சிந்தனைகள் லினக்ஸ் வழியாக இன்றைய சர்வர்களிலும் ஆண்ட்ராய்டு போன்களிலும் வாழ்கின்றன. 1983 ஜனவரி 1-ஆம் தேதி இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பு மாறிக்கொண்ட டிசிபி/ஐபி நெறிமுறைதான் இன்றைய இணையத்தையும் தாங்கி நிற்கிறது. மேலே தெரியும் கருவிகள் ஐந்து, பத்து ஆண்டுகளில் மாறுகின்றன. அவற்றின் அடியில் இருக்கும் கருத்துகளுக்கு அரை நூற்றாண்டு ஆயுள். எனவே, மென்பொருள் எழுதுபவரின் வளர்ச்சி, தான் அன்றாடம் கையாளும் கருவிக்கு ஒரு படி கீழே என்ன நடக்கிறது என்று தொடர்ந்து படிப்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. புதிய பெயர்களைத் துரத்துவதால் அந்த வளர்ச்சி வராது.

ஒரு நடைமுறை உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஆன்லைன் கடையின் நிர்வாகப் பக்கம் ஒன்றில் 200 ஆர்டர்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே வாடிக்கையாளரின் பெயர். இதை எழுதிய டெவலப்பர், ஆர்டர்களை எடுத்து, ஒரு லூப்பில் ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளர் பெயரையும் கேட்டு வாங்குகிறார். நான்கு வரிகள்தான், படிக்கவும் அழகாக இருக்கின்றன. டேட்டாபேஸுடன் பேசும் வேலையை ஃபிரேம்வொர்க்கே பார்த்துக்கொள்கிறது. ஆனால் அடியில் நடப்பது வேறு. ஆர்டர்களை எடுக்க ஒரு குவெரி, பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒன்றாக 200 குவெரி, ஆக மொத்தம் 201 முறை டேட்டாபேஸுக்குப் போய்வருகிறது அந்தப் பக்கம். பத்து ஆர்டர்களோடு சோதித்துப் பார்த்த லேப்டாப்பில் இது கண்ணுக்கே படாது. நிஜப் பயன்பாட்டில், ஒருமுறை போய்வர 2 மில்லிநொடி ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், 2,000 ஆர்டர்கள் சேரும்போது காத்திருப்பு மட்டுமே 4 நொடி ஆகிவிடும். ஃபிரேம்வொர்க்கை மட்டும் அறிந்தவர், சர்வரைப் பெரிதாக்கலாமா, கேஷ் வைக்கலாமா என்று யோசிப்பார். எஸ்க்யூஎல் அறிந்தவர் குவெரி லாகைத் திறப்பார். ஒரே வடிவத்தில் வரிசையாக ஓடும் குவெரிகளைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிடும். இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் ஒரே ஒரு ஜாயினில் சிக்கல் தீரும். ரெயில்ஸ், ஜாங்கோ, ஹைபர்நேட் என்று கருவி எதுவானாலும் இந்தச் சிக்கல் வரும், தீர்வும் ஒன்றுதான். ஒருமுறை புரிந்துகொண்டவர் கம்பெனி மாறினாலும், மொழி மாறினாலும், அந்த அறிவு கூடவே வருகிறது.

இன்னொன்று, இதைவிடச் சிறியது. பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை வரும். முதல்முறை பார்ப்பவர்கள் மொழியில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். கோளாறு ஏதும் இல்லை. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைக்கிறது. பத்தில் ஒரு பங்கை அந்த முறையில் முழுதாக எழுத முடியாது. ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடிவில்லாமல் நீள்வதுபோலத்தான் இதுவும். 1985-இல் வந்த ஐட்ரிபிள்இ 754 என்ற தரநிலை இந்தத் தோராயத்தை எப்படிக் கையாள்வது என்று வகுத்தது. இன்றும் பெரும்பாலான மொழிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. இது தெரிந்தவர் பணத்தை ரூபாய்ப் பின்னமாக வைக்காமல் பைசாக்களாக முழு எண்ணில் வைப்பார், அல்லது தசம எண்ணுக்கென்று இருக்கும் வகையைப் பயன்படுத்துவார். தெரியாதவரின் கணக்கில் மாதக் கடைசியில் சில பைசா இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று தேடுவதிலேயே வாரம் போய்விடும். எண்களை வைக்கும் முறையில் கவனம் பிசகினால் இழப்பு பைசாவோடு நிற்காது என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் ஒரு நிமிடம்கூடத் தாண்டாமல் வெடித்துச் சிதறியது. 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் திணிக்க முயன்றதுதான் அதன் தொடக்கம். அந்த நிரல் ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டது. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் வரம்புக்குள் இருந்தது. புதியதற்கு வரம்பைத் தாண்டியது. நிரல் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று தெரியாமல் அதை வேறிடத்துக்கு எடுத்துப்போவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தச் சில நொடிகள் உலகுக்குக் காட்டின.

ஒரு படி கீழே என்று நான் சொல்வது கணினிக்குள் இருப்பதை மட்டுமல்ல. மென்பொருள் எந்த வேலைக்காக எழுதப்படுகிறதோ அந்த வேலையும் அதன் அடித்தளம்தான். ஃபிரெட் புரூக்ஸ் 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மென்பொருளின் சிக்கல்களை இரண்டாகப் பிரித்தார். கருவிகளின் குறையால் வருபவை ஒரு வகை. தீர்க்க எடுத்துக்கொண்ட பிரச்சினையின் இயல்பிலேயே இருப்பவை இன்னொரு வகை. கருவிகள் மேம்பட மேம்பட முதல் வகை குறையும், இரண்டாம் வகை குறையாது என்பது அவர் வாதம். அதற்கு முந்தைய ஆண்டில் டென்மார்க்கின் பீட்டர் நவுர், ஒரு மென்பொருளைப் பற்றிய உண்மையான அறிவு அதன் நிரல் வரிகளில் முழுதாக இருப்பதில்லை, அதை உருவாக்கியவர்களின் புரிதலில் இருக்கிறது என்று எழுதினார். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் இதை அனுபவித்து அறிந்தது. கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, பல பத்தாண்டுகள் பழமையான கோபால் மென்பொருளைக் கையாளத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று மாநில ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டார். 1959-இல் உருவாகத் தொடங்கிய கோபால் மொழியின் இலக்கணத்தை ஒரு திறமையான டெவலப்பர் சில வாரங்களில் கற்றுவிடலாம். இன்ன விண்ணப்பத்துக்கு இன்ன தொகை என்ற விதி ஏன் அந்த இடத்தில் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்ற அறிவைச் சில வாரங்களில் பெற முடியாது. நம்மூரில் ஜிஎஸ்டி கணக்கையோ, மருத்துவமனையின் பில்லிங்கையோ, சம்பளப் பிடித்தங்களையோ எழுதும் டெவலப்பருக்கும் இது பொருந்தும். அந்தத் துறையின் விதிகளை அக்கவுன்டன்ட்டுக்குப் புரியும் அளவுக்குப் புரிந்துகொண்டவரைத்தான், புதிய மாட்யூலை எப்படி அமைப்பது என்று எல்லோரும் தேடிவந்து கேட்பார்கள்.

இதற்கு முதல் மறுப்பு வேலைச் சந்தையிலிருந்து வரும். விளம்பரங்கள் ரியாக்ட் தெரியுமா, ஸ்பிரிங் பூட் தெரியுமா என்றுதான் கேட்கின்றன. அடித்தளம் தெரியுமா என்று யார் கேட்கிறார்கள்? குடும்பத்தில் முதல் பட்டதாரியாகத் தர்மபுரியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து, கல்விக் கடனைத் தலையில் சுமக்கும் இளைஞருக்கு இது நியாயமான கேள்வி. சந்தை கேட்கும் கருவியைக் கற்காதே என்று அவருக்குச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஒன்றைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், வேலை செய்யும் அளவுக்கு நன்றாகவே கற்க வேண்டும். ஐந்து கருவிகளை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு ரெஸ்யூமில் பெயர்களை அடுக்குவதற்குப் பதிலாக, அந்த ஒரு கருவி வழியாகவே உள்ளே இறங்குவதுதான் நல்லது. ரியாக்டில் ஒரு பட்டனை அழுத்தியதும் திரை எப்படி மாறுகிறது, பிரவுசர் சர்வரிடம் என்ன கேட்கிறது, பதில் வரும்வரை என்ன செய்கிறது என்று பின்தொடர்ந்து போனால், ஜாவாஸ்கிரிப்ட், ஹெச்டிடிபி, நெட்வொர்க் எல்லாமே அந்த ஒரு பட்டனின் கீழ் இருக்கின்றன. விளம்பரத்தில் இருக்கும் பெயர் வாசலைத் திறக்கும். உள்ளே போன பிறகு, இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு அந்தப் பெயர் பதில் சொல்லாது.

இரண்டாவது மறுப்பு இன்று எல்லோர் மனத்திலும் இருப்பது. கிட்ஹப் கோபைலட் 2021-இல் அறிமுகமானது, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. கேட்ட நொடியில் நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு இருக்கும்போது அடித்தளத்தைப் படித்து என்ன பயன்? எனக்கு இது நேர்மாறாகத் தெரிகிறது. இந்தக் கருவிகள் மலிவாக்கியிருப்பது எதை என்று பாருங்கள். ஒரு மொழியின் இலக்கணம், ஒரு லைப்ரரியின் கட்டளைகள், எங்கும் ஒரேமாதிரி எழுதும் வரிகள் ஆகியவற்றைத்தான். பெயர்களைத் துரத்தியவர்கள் சேர்த்துவைத்த சொத்து இதுவே. எழுதித்தந்தது சரியா, நம் இடத்துக்குப் பொருந்துமா, நாளை பத்து மடங்கு கூட்டம் வந்தால் தாங்குமா என்று தீர்ப்புச் சொல்லும் திறன் இன்னும் மலிவாகவில்லை. முன்பு சொன்ன 201 குவெரி நிரலை செயற்கை நுண்ணறிவும் எழுதக்கூடும். அதைப் பிடிக்க ஒருவர் வேண்டும். மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் வெளியிட்ட சோதனையில், அனுபவமிக்க 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள் தாங்கள் நன்கறிந்த திட்டங்களில் இந்தக் கருவிகளோடு வேலை செய்தபோது, 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்த பிறகும், தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். சிறிய சோதனை இது. கருவிகளும் அதன்பின் மாறிவருகின்றன. வேகம் பற்றிய முடிவை இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வேகமாக இருக்கிறோம் என்ற உணர்வை நம்பக்கூடாது, அளந்துதான் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

செயற்கை நுண்ணறிவால் வரும் உண்மையான கவலை புதிதாகச் சேருபவர்களைப் பற்றியது. சிறிய பக் சரிசெய்வது, சின்னச் சின்ன டெஸ்ட் எழுதுவது போன்ற வேலைகளில்தான் ஃபிரெஷர்கள் தொழில் பழகினார்கள். அந்த வேலைகள்தான் முதலில் இயந்திரத்திடம் போகின்றன. பழகும் களம் சுருங்கும்போது, பழக்கத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முதலில் தானே எழுதிப் பார்த்து, பிறகு இயந்திரம் எழுதியதோடு ஒப்பிடலாம். அது தரும் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும்வரை அந்த நிரலை ஏற்காமல் இருக்கலாம். சலிக்காமல் எத்தனை முறை கேட்டாலும் விளக்கம் சொல்லும் துணை அது. சொல்வது சரியா என்பதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. அப்படிப் பயன்படுத்தினால், இதே கருவி ஒரு படி கீழே இறங்கவும் உதவும்.

மூன்றாவதாக, புதியவை எல்லாமே வெறும் பெயர்களா என்று கேட்கலாம். இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட், டெவலப்பர்கள் கூடி வேலை செய்யும் விதத்தையே மாற்றியது. 2006-இல் அமேசான் தொடங்கிய கிளவுட் சேவைகள் சொந்தமாக சர்வர் வாங்கும் வழக்கத்தை மாற்றின. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பிலிருந்துதான் இன்றைய மொழி மாதிரிகள் கிளைத்தன. இவற்றைத் தவறவிட்டவர் பின்தங்கத்தான் செய்வார். புதிதாக ஒன்று வரும்போது, முன்பு செய்ய முடியாத எதை இது சாத்தியமாக்குகிறது, அதற்கு என்ன விலை கேட்கிறது என்று விசாரித்தால் போதும். பதில் தெளிவாக இருந்தால் நேரம் ஒதுக்கலாம். பழைய வேலையையே வேறு எழுத்தில் செய்கிறது என்றால் தேவை வரும்வரை காத்திருக்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் காண்பதற்கும் அடித்தள அறிவுதான் வேண்டும். 2013-இல் டாக்கர் வந்தபோது, லினக்ஸ் கர்னலில் ஏற்கெனவே இருந்த நேம்ஸ்பேஸ், சிகுரூப் வசதிகளை அறிந்தவர்கள் அது என்ன செய்கிறது என்பதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். நேரியல் இயற்கணிதம் தெரிந்தவருக்கு நியூரல் நெட்வொர்க் பாதி பழகிய ஊர்.

நேரம் எங்கே என்பது நான்காவது கேள்வி. மற்றவற்றைவிடக் கனமானதும் இதுதான். சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசலில் போய்வந்து, இரவு கிளையன்ட் கால் முடித்துப் படுப்பவரிடம், வாரக் கடைசியில் படி என்று சொல்வது எளிது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது ஷிஃப்டாகச் சமையலும் பிள்ளை வளர்ப்பும் காத்திருக்கும் பெண்களுக்கு அந்த வாரக் கடைசியும் கிடையாது. கற்றலை முழுக்கத் தனிமனிதரின் விடுமுறை நாட்களில் ஏற்றிவைத்தால், வீட்டில் சுமை இல்லாதவர்கள் மட்டுமே வளர்வார்கள். ஊழியரின் அறிவால் பயன்பெறும் நிறுவனம் அதற்கான நேரத்தையும் தர வேண்டும். அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு ஜோஹோ நிறுவனம் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே சாட்சி: பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுத்தருகிறது. வேலை நேரத்துக்குள்ளேயே கற்க இடமும் இருக்கிறது. கோட் ரிவ்யூவில் ஏன் இப்படி என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பது, சர்வர் விழுந்த பிறகு யார்மீதும் பழிபோடாமல் மூலகாரணம் வரை எழுதிவைப்பது, பயன்படுத்தும் லைப்ரரியின் மூல நிரலைத் திறந்து ஒரு ஃபங்ஷனைப் படிப்பது ஆகியவற்றுக்குத் தனி விடுமுறை வேண்டியதில்லை. வெளியே படிக்க விரும்புவோருக்கு ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு, 2012 முதல் கணியம் இதழ் மென்பொருள் நுட்பங்களை எளிய தமிழில் எழுதிவருகிறது.

கடைசியாக, வளர்ச்சி என்றால் என்ன என்பதையே நாம் மாற்றி யோசிக்க வேண்டும். எட்டுப் பத்து ஆண்டுகள் ஆனால் மேனேஜர் ஆகிவிட வேண்டும், இன்னும் கோட் எழுதிக்கொண்டிருந்தால் ஏதோ குறை என்ற எண்ணம் நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கையை வைத்து வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் சேவை நிறுவனங்களின் அமைப்பும் அதற்கு ஒரு காரணம். மேனேஜர் பணி மதிப்புக்குரியது. மனிதர்களை நடத்தும் கலையும் கற்க வேண்டிய ஒன்றே. ஆனால் ஏறுவதற்கு அது ஒன்றுதான் ஏணி என்று ஆக்கிவிட்டால், நல்ல டெவலப்பரை இழந்து சுமாரான மேனேஜரைப் பெறுவோம். ஐபிஎம் 1960-களிலேயே ஃபெல்லோ என்ற உயர்பதவியை உருவாக்கி, நிர்வாகப் பக்கம் போகாமலேயே தொழில்நுட்ப வல்லுநர் உச்சிக்கு வர வழிசெய்தது. வளர்ச்சியின் அளவுகோல் எவ்வளவு தெளிவற்ற பிரச்சினையை ஒருவரை நம்பி ஒப்படைக்கலாம் என்பதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் தீர்வு என்ன என்று சொல்லிக்கொடுத்து எழுதச் சொல்வார்கள். பிறகு பிரச்சினையைச் சொல்லித் தீர்வு கேட்பார்கள். அனுபவம் முதிர்ந்தவரிடம், ஏதோ சரியில்லை, என்னவென்று பாருங்கள் என்பார்கள். இந்தப் பயணத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவரைக் கொண்டுபோவது, கண்ணுக்குத் தெரியும் அடுக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற அறிவுதான்.

எனவே அடுத்த அப்ரைசலில், இந்த ஆண்டு எத்தனை சான்றிதழ் வாங்கினீர்கள் என்ற கேள்வியை நிறுவனங்கள் கைவிட வேண்டும். எந்தப் பிழையை அதன் வேர்வரை பின்தொடர்ந்தீர்கள், சென்ற ஆண்டு மந்திரம்போலத் தெரிந்த எது இந்த ஆண்டு உங்களுக்கு விளங்கிவிட்டது, அதை யாருக்கு விளக்கினீர்கள் என்று கேட்க வேண்டும். நிறுவனம் கேட்காவிட்டாலும் டெவலப்பர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தவர், எந்தக் கருவி வந்தாலும் போனாலும், தன் தொழிலில் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறார்.